மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

“என்னாச்சு, ஒரு மாதிரி இருக்கே?”

“ஒன்னுமில்லையே...”

நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கிற உரையாடல்தான் இது. அந்த ‘ஒன்னுமில்லை’க்குள் ஏதோ இருக்கிறது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஒருவர் டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார். மற்றவர் அறைக்குள் போய் செல்போனைக் கையில் எடுத்துக்கொள்வார்.

காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம். மனச்சோர்வைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனாலேயே அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் ஏதாவது ஓர் ஓரத்துக்குப் போய்விடுகிறோம். ‘உனக்கென்ன குறைச்சல், மூணு வேளை சோறு இல்லையா?’ என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவோம். இல்லையென்றால் நாலு நாள் முகம் வாடியிருந்தாலே ‘டிப்ரஷன்’ என்று முத்திரை குத்திப் பயப்படுவோம்.

பெரும்பாலானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிச் சாப்பிட்டும் வருகிறார்கள். ஆனால் எதிலும் ஒட்டுதல் இல்லை. காலையில் கண் விழித்தாலும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. முன்பு ஆசையாகப் பார்த்த கிரிக்கெட் மேட்ச் இப்போது வெறும் சத்தமாகக் கேட்கிறது. தோழியின் போன் அடித்தால், ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று விட்டுவிடத் தோன்றுகிறது.

இந்த அன்றாடச் சோர்வு எங்கிருந்து வருகிறது, வந்தது ஏன் போக மறுக்கிறது, அதிலிருந்து எழுவது எப்படி, எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு மனநல ஆராய்ச்சிகள் தெளிவான பதில்களை வைத்திருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், ‘மனசு சரியானதும் எல்லாம் செய்துகொள்ளலாம்’ என்று காத்திருப்பதுதான் சோர்வை நீட்டிக்கிறது. முதலில் செயல், பிறகுதான் மனம். தன்னம்பிக்கை மேடைகளில் கேட்கும் வசனம்போல இருக்கிறதா? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்துப் பார்த்த உண்மை இது. அதற்கு முன், காரணங்களைப் பார்த்துவிடுவோம்.

காரணம் இல்லாமல் கனக்காது

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மனித உணர்வுகளை எட்டாக வகுக்கிறது. அவற்றில் ஒன்று அழுகை. அந்த அழுகை பிறக்கும் இடங்களாக அது நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, உறவையோ பொருளையோ பறிகொடுப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தளர்ந்துபோவது, கையில் இல்லாமல் போவது.

இந்த நான்கையும் இன்றைய வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் மேனேஜர் திட்டிய திட்டு, நாத்தனார் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல் இவையெல்லாம் இளிவு. அம்மாவின் மரணம், முறிந்துபோன காதல், விற்றுவிட்ட பூர்வீக வீடு இவை இழவு. ஓய்வு பெற்ற மறுநாள், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுவாரம், ‘நீட்’ தேர்வு முடிவு வந்த மாலை இவை அசைவு. மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன் தவணை வறுமை.

‘காரணமே தெரியலை, சும்மாவே மனசு கனமா இருக்கு’ என்பவர்கள் ஒரு தாளை எடுத்து, கடந்த மூன்று மாதங்களில் வாழ்க்கையில் மாறியவற்றை எழுதிப் பார்க்கலாம். வீடு மாறியது, பக்கத்து வீட்டு அக்கா ஊரைவிட்டுப் போனது, ஷிஃப்ட் மாறியது, பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனது என்று வெளியே சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதாகத் தோன்றிய ஏதோ ஒன்று பெரும்பாலும் அதில் சிக்கும்.

காரணம் தெரிந்துவிட்டால், அதைத் தீர்க்கும் வழி சில நேரங்களில் மனத்துக்கு வெளியே இருக்கும். கடன் நெருக்கினால், ஒளிந்துகொள்ளாமல் வங்கியிலோ குழுவிலோ போய்த் தவணையை மாற்றிக் கேட்பது முதல் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை எடுத்துக் காட்டும் ஜவுளிக்கடைப் பெண்ணின் சோர்வுக்குத் தியான வகுப்பு மருந்தாகாது. உட்கார ஒரு நாற்காலி வேண்டும். 2021-ல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அந்த இருக்கையைக் கட்டாயமாக்கியது. வீட்டில் அடி உதை வாங்குகிறவருக்கு ‘பாசிட்டிவாக யோசி’ என்று சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை பாதுகாப்பு. மாற்றக்கூடிய சூழலை மாற்றுவதும் மனநல சிகிச்சைதான்.

உடம்பையும் மறந்துவிடக் கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, மந்தம், எதிலும் விருப்பமின்மை எல்லாம் வரும். இரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைபாடும் அப்படித்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. ‘எதுவுமே பிடிக்கலை’ என்று சொல்லும் அம்மாவுக்கு முதலில் தேவைப்படுவது ஓர் இரத்தப் பரிசோதனையாகவும் இருக்கலாம். டெங்கு போன்ற காய்ச்சல்கள் போன பிறகும் சில வாரங்களுக்கு மனம் சோர்ந்தே இருப்பது உண்டு. பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மார்களுக்கு நேர்வதுதான்; இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும்.

‘மனசு சரியில்லை’ என்று டாஸ்மாக் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மது, மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருள். முதல் ஒரு மணி நேரம் கவலையை மரத்துப்போக வைக்கும். நடுராத்திரியில் தூக்கத்தைக் கலைக்கும். மறுநாள் காலையில் அந்தக் கவலையோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

சுற்றிச் சுற்றி வரும் எண்ணம்

காரணம் ஓய்ந்த பிறகும் சோர்வு போகாமல் நிற்பது ஏன்? அதற்கான விடையின் ஒரு பகுதி, அமெரிக்காவில் ஒரு நிலநடுக்கத்தின்போது கிடைத்தது.

சூசன் நோலன்-ஹோக்ஸிமா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். மனம் சோர்ந்திருக்கும்போது என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்து வைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தை லோமா பிரியெட்டா நிலநடுக்கம் உலுக்கியது. எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு உருவாக்க முடியாத சூழல் அது. 10 நாட்கள் கழித்தும், ஏழு வாரங்கள் கழித்தும் அதே மாணவர்களை அவர் மறுபடி பரிசோதித்தார். ‘எனக்கு ஏன் இப்படி இருக்கிறது, என்னிடம் என்ன கோளாறு’ என்று தன் சோர்வையே அசைபோடும் பழக்கம் நிலநடுக்கத்துக்கு முன்பே யாருக்கு இருந்ததோ, அவர்களிடம்தான் அதற்குப் பிறகு சோர்வின் அறிகுறிகள் அதிகமாகத் தெரிந்தன.

நம் ஊரில் இதை ‘ஓவரா யோசிக்கிறது’ என்கிறோம். யோசிப்பதில் தவறில்லை. யோசனைக்கும் அசைபோடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ‘இனி என்ன செய்யலாம்?’ என்பது யோசனை. அதற்கு ஒரு முடிவு உண்டு. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்பது அசைபோடுதல். அரை மணி நேரம் கழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். ராத்திரி 11 மணிக்கு இப்படி ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டால், ‘இது பற்றி நாளைக்குள் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?’ என்று கேளுங்கள். உண்டென்றால் ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டுப் படுங்கள். இல்லையென்றால், எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் எழுந்து கைவேலை ஒன்றைச் செய்யுங்கள். நாளைக்கான துணியை மடித்து வைப்பதுகூடப் போதும்.

சோர்ந்த மனம் பொய்க்கணக்கும் போடும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை, யாருக்கும் என்மேல் அக்கறையில்லை, இனி எதுவும் மாறாது.’ தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என மூன்று பக்கமும் இருட்டாகத் தெரியும் இந்த நிலையை 1960-களிலேயே விவரித்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். அந்த எண்ணத்தை எழுதி வைத்து, வேறொருவர் சொன்னதாக நினைத்துக்கொண்டு, ‘இதற்கு என்ன ஆதாரம்? இதற்கு எதிரான ஆதாரம் என்ன?’ என்று குறுக்கு விசாரணை செய்யச் சொன்னார். ‘யாருக்கும் அக்கறையில்லை’ என்று எழுதியவரின் போனில் தம்பியின் இரண்டு மிஸ்டு கால் இருக்கலாம்.

நள்ளிரவு வரை செல்போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் அசைபோடுவதற்கு நல்ல தீனி. யாரோ ஒருவரின் சிங்கப்பூர் பயணம், யாரோ ஒருவரின் புது கார், சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்பு ஸ்டேட்டஸ் என்று மற்றவர்களின் நல்ல நாட்களாகத் தேடித் தேடிப் பார்த்து, அவற்றின் அருகில் நம்முடைய மோசமான நாளை வைத்து ஒப்பிடுகிறோம். தூக்கமும் கெடுகிறது, மனமும் கெடுகிறது.

கோவா கற்றுத்தந்த பாடம்

சோர்ந்திருப்பவர் முதலில் விடுவது பிடித்த காரியங்களை. வேலைக்குப் போவதை விடமாட்டார், சம்பளம் போய்விடும். ஆனால் மாலையில் நண்பர்களோடு பேசுவதையும், மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதையும், பாட்டுக் கேட்பதையும் விட்டுவிடுவார். ஆட்களைப் பார்ப்பதைத் தவிர்ப்பார். அதனால் நாளில் சந்தோஷம் தரக்கூடிய தருணங்கள் குறையும். அவை குறையக் குறையச் சோர்வு கூடும். சோர்வு கூடியதும் இன்னும் இரண்டு காரியங்களை விடுவார். 1970-களில் இந்தச் சுழலை ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன்.

அப்படியென்றால் சுழலை எந்த இடத்தில் வெட்டுவது? மனத்தை நேரடியாக ‘சந்தோஷமாக இரு’ என்று அதட்டினால் அது கேட்காது. ஆனால் கையும் காலும் சொன்னால் கேட்கும். நாள் முழுக்க வறண்டு கிடக்கும் கைப்பம்பில் எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் வராது. மேலே இருந்து ஒரு சொம்பு நீர் ஊற்றிவிட்டு அடித்தால் குபுகுபுவென்று வரும். அந்த முதல் சொம்பு நீர்தான் செயல். மனம் இல்லாவிட்டாலும் முதலில் கொஞ்சம் செய்வது. விருப்பம் பிறகு தானே ஊறும். மனநல மருத்துவத்தில் இந்த முறைக்கு ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ என்று பெயர். 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வுக்கான முழு சிகிச்சையையும், அதிலுள்ள இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியாகவும் கொடுத்து ஒப்பிட்டார்கள். செயல் பகுதி மட்டுமே ஏறக்குறைய அதே பலனைத் தந்தது.

இதை நம் நாட்டு நிலைமைக்குக் கொண்டுவந்தது கோவாவில் இயங்கும் ‘சங்கத்’ என்ற தொண்டு நிறுவனம். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிப் பேருக்கு அதோடு ஆறு முதல் எட்டு முறை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை, உளவியல் படித்தவர்களும் இல்லை. உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் இந்தச் செயல் வழியைத்தான். விட்டுப்போன காரியங்களைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குவது, தீர்க்கக்கூடிய பிரச்சினையைத் தீர்ப்பது, ஆட்களோடு பேசுவது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். 2017-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. கடுமையான நிலையில் இருந்தவர்களுக்கே இவ்வளவு பலன் என்றால், அன்றாடச் சோர்வில் இருப்பவர் இதை வீட்டிலேயே தொடங்கிப் பார்க்கலாம்.

ஒரு கண்டக்டரின் வாரம்

எப்படித் தொடங்குவது? உதாரணத்துக்கு ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு டவுன் பஸ்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்துவிட்டு 60 வயதில் ஓய்வு பெற்றவர். விடியற்காலை டூட்டிக்குப் போய்ப் பழகிய உடம்பு, அலாரம் இல்லாமலே 4 மணிக்கு விழித்துக்கொள்கிறது. ஆனால் போக டிப்போ இல்லை. 8 மணி வரை புரண்டுகொண்டிருக்கிறார். 11 மணிக்குக் குளியல். டீக்கடைக்குப் போனால் ‘செட்டில்மென்ட் பணம் வந்துருச்சாண்ணே?’ என்று கேட்பார்கள் என்பதால் அங்கே போவதையும் நிறுத்திவிட்டார். நாளுக்கு ஆயிரம் பேரிடம் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று குரல் கொடுத்தவர், இப்போது வீட்டில் நாலு வார்த்தை பேசினாலே பெரிது.

இவர் முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தார் என்று எழுதி, அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று 10-க்கு மதிப்பெண் போட வேண்டும். டிரிப் ஷீட் எழுதிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. எழுதினால் ஒரு படம் தெரியத் தொடங்கும். காலை 4 முதல் 8 வரை படுக்கையில் புரண்டது: 2. பேரனைப் பள்ளியில் விட்டு வந்தது: 5. மதியம் செல்போன்: 3. மாடி வீட்டுக்காரரின் சைக்கிள் செயினை மாட்டிக்கொடுத்தது: 6. ராத்திரி டி.வி. விவாதம்: 2. ‘நாள் முழுக்கவே இருட்டு’ என்று அவர் நினைத்திருந்தார். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆட்களோடு இருந்த நேரமும் ஒரு வேலையை முடித்த நேரமும் மேலே நிற்கின்றன. படுத்திருந்த நேரம் கீழே கிடக்கிறது.

இரண்டாம் வாரம் மூன்று வகைக் காரியங்களில் ஒவ்வொன்று சேர்க்க வேண்டும். பிடித்தது ஒன்று, முடித்த திருப்தி தருவது ஒன்று, மனிதர்களோடு சேர்ப்பது ஒன்று. 4 மணிக்குத்தான் விழிப்பு வந்துவிடுகிறதே, வெளிச்சம் வந்ததும் அடுத்த தெரு டீக்கடை வரை நடப்பது பிடித்தது. செட்டில்மென்ட் கேள்விக்கு ‘வரலைப்பா, வந்தா உனக்குத்தான் முதல் டீ’ என்று ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் மோட்டார் பழுதை ஆள் கூப்பிட்டுச் சரிசெய்வது முடித்த திருப்தி தருவது. தெருக் கோயில் கொடைக்கு வீடு வீடாகப் போய் வரி வசூலித்துக் கணக்கு எழுதுவது மனிதர்களோடு சேர்ப்பது. டிக்கெட் கணக்கில் ஒரு ரூபாய் தவறவிடாத மனிதரைவிட அந்த வேலைக்கு வேறு யார் பொருத்தம்?

இங்கே மூன்று விதிகள் முக்கியம். ஒன்று, காரியம் சிறியதாக இருக்க வேண்டும். ‘இனிமேல் தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங்’ என்பது நாலாம் நாள் உடைந்துவிடும். ‘நாளைக் காலை 6 மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை’ என்பது நடக்கும். இரண்டு, நேரமும் இடமும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். ‘மூடு வந்தால் பார்க்கலாம்’ என்று விட்டால் மூடு வராது. மூன்று, செய்ய முடியாமல் போனால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல், காரியத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் செய்யும்போதும் சந்தோஷம் வராது. அது எதிர்பார்த்ததுதான். நோட்டில் மதிப்பெண் 2-லிருந்து 3 ஆனாலே வழி சரி என்று அர்த்தம்.

இல்லத்தரசிக்கும் கல்லூரி மாணவருக்கும் ஐ.டி. ஊழியருக்கும் காரியங்கள் மாறும், முறை மாறாது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, மதியம் 3 மணிக்கு எதிர்வீட்டுக்காரரோடு சேர்ந்து பூக்கட்டலாம். ரிசல்ட் வந்து அறைக்குள் முடங்கிய மாணவன், ஒரு வேளைச் சாப்பாட்டையாவது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில் தொடங்கலாம்.

நடை, தூக்கம், வெளிச்சம்

செயல்களிலேயே அதிகப் பலன் தருவது உடல் உழைப்பு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. 1999-ல் வெளியான இந்த ஆய்வில், மாத்திரை தொடக்கத்தில் வேகமாக வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. நடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தூக்கத்தில் கவனிக்க வேண்டியது எழும் நேரம். ராத்திரி எப்போது தூக்கம் வந்தாலும், காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்தால் உடம்புக் கடிகாரம் சில நாட்களில் சீராகும். எழுந்ததும் கால் மணி நேரமாவது வெளிச்சத்தில் நில்லுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வீடுகளில் இது கேட்காமலே நடந்துவிடுகிறது. கோலம் யார் போடுகிறார்கள் என்பதை மட்டும் வீட்டில் முறைவைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சோர்ந்திருப்பவரிடம் சொல்லக் கூடாத வாக்கியங்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?’ ‘எல்லாம் மனசுதான் காரணம்.’ ‘சும்மா இருந்தா இப்படித்தான் தோணும்.’ இவற்றைக் கேட்டவர் அடுத்த முறை ‘ஒன்னுமில்லை’ என்று மட்டும் சொல்வார்.

‘கொஞ்ச நாளா நீ சரியாச் சாப்பிடலை, பேசலை, கவனிச்சேன். என்ன விஷயம்?’ என்று கண்ணில் பட்டதைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். நடுவில் புத்திமதி வேண்டாம். ‘வெளியே போய்ட்டு வா’ என்று அனுப்பாமல், ‘காய்கறி வாங்கப் போறேன், கூட வர்றியா?’ என்று கேளுங்கள். கூட வர ஓர் ஆள் இருந்தால் அந்த முதல் அடி எளிதாகிவிடும்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு வாசல் திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அகற்றிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம்?

அன்றாடச் சோர்வுக்கும் நோய்க்கும் நடுவில் மருத்துவம் போட்டிருக்கும் கோடு இரண்டு வாரம். கீழே உள்ள ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ, இரண்டு வாரமாக, பெரும்பாலும் எல்லா நாளும் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

1. நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்திருப்பது.
2. எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமை.
3. பசியோ உடல் எடையோ வெகுவாகக் கூடுவது அல்லது குறைவது.
4. தூக்கமின்மை, அல்லது அளவுக்கு மீறிய தூக்கம்.
5. மற்றவர் கவனிக்கும் அளவுக்குப் பரபரப்பு அல்லது மந்தம்.
6. தீராத அசதி.
7. தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், தேவையற்ற குற்ற உணர்வு.
8. கவனம் நிற்காமை, முடிவெடுக்க முடியாமை.
9. சாவைப் பற்றிய எண்ணம்.

ஒன்பதாவது மட்டும் இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊரில் பலர் மனச்சோர்வை மனச்சோர்வாகச் சொல்வதில்லை. ‘தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் வலி’ என்று டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்ற ரிப்போர்ட்டோடு திரும்புகிறார்கள். அந்த ரிப்போர்ட்டோடு ஒரு முறை மனநல மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 20-ல் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவதாகச் சொன்னது. அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு சிகிச்சை கிடைக்கவில்லை. பணம் மட்டும் காரணமில்லை. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமாக் கிண்டலாக்கி, அந்த வாசலை மிதிக்கவே கூச்சப்படும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

மருந்தைப் பற்றியும் பயம் அதிகம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. போதைப் பழக்கம்போல ஆளைப் பிடித்துக்கொள்பவையும் அல்ல. நிறுத்தும்போது மட்டும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மற்ற நோய்களைப் போலவே மன நோய்களுக்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டை விட்டு வெளியே வராமலும் உதவி கேட்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். 1986 முதல் சென்னையில் இயங்கும் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தச் சிறிய வேலையைச் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனசு வந்தாலும் வராவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள். இரண்டு வாரம் இப்படி முயன்றும் கனம் குறையவில்லை என்றால், அது உங்கள் தோல்வி இல்லை. மருத்துவம் தேவைப்படும் நிலை. 14416-ஐ அழையுங்கள். உங்களைச் சுற்றி ‘ஒன்னுமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் யாராவது இருந்தால், அவருக்காக நீங்கள் அழையுங்கள்.